செத்த கிருமியின் சட்டை

அந்த வியாழக்கிழமை மாலை நான் கையெழுத்திட்ட அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. இரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்த ஆறு வளர்ப்புத் தட்டுகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒன்றில்கூட ஒரு புள்ளி வளரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே எழுதினேன்: ‘கிருமி வளர்ச்சி இல்லை. டயாலிசிஸ் பயன்பாட்டுக்கு உகந்தது.’ முதல் வாக்கியம் நான் கண்ணால் கண்டது. இரண்டாவது, கண்டதிலிருந்து நானாகத் தாவிச் சென்று சொன்னது. அந்தத் தாவலுக்குள் என்ன இருந்தது என்பதைச் சனிக்கிழமை காலையில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்று சொல்வதும் சரியில்லை. முன்பே தெரியும். முதுகலைத் தேர்வில் அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி, படமும் வரைந்து, நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

கே.கே. நகரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய டயாலிசிஸ் மையத்தில் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. நுண்ணுயிரியல் படித்தவனுக்கு இதுதானா கிடைத்தது என்று உறவில் கேட்பவர்கள் உண்டு. நாம் குடிக்கும் தண்ணீர் குடலின் காவலைத் தாண்டித்தான் இரத்தத்துக்குப் போக வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் படுப்பவருக்கு அந்தக் காவல் கிடையாது. இயந்திரத்தில் அவருடைய இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. ஒரு தடவைக்கு நூறு லிட்டருக்கும் மேலான தண்ணீர் அந்தச் சவ்வின் மறுபுறத்தை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தண்ணீருக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒருவர் நான் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பெரும்பாலும் பயம்தான்.

அங்கே வரும் நோயாளிகளில் ஒருவர் என் தாய்மாமன். ஒத்தக்கடைக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பா காலம்வரை எங்கள் ஆட்கள் மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் மாமா, பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஐம்பது வயதைத் தொடுவதற்கு முன்பே சர்க்கரை நோய் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் முடித்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, இரண்டாவது ஷிஃப்ட், கடைசிப் படுக்கை. ஜன்னலோரம் என்பதால் அந்தப் படுக்கையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம், “தண்ணியப் பத்தி நீங்க ரோசனையே பண்ணாதீக, எங்க மாப்ள செக் பண்றது” என்று பெருமை பேசுவார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா, வேறு மையத்துக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், மாமாவின் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எங்களிடமே தங்கினார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அப்போது அதைச் சுமையாக எண்ணவில்லை.

அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. அன்றைக்கு வைகையின் இரு கரையிலும் ஆட்டோ நகராது, பேருந்து நகராது. அதனால் செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர்களைத் திங்கட்கிழமையே வரச்சொல்லி முடித்துவிட்டு, மையத்தை ஒருநாள் மூடுவது எங்கள் வழக்கம். எல்லோரும் வந்தார்கள். மாமா மட்டும் வரவில்லை. போனில் பிடித்தேன்.

“எங்க மாமா இருக்கீக?”

“எங்க இருப்பேன்? அழகர் மலையிலருந்து எறங்கிட்டாரு, நான் மட்டும் ஒங்க மிசின்ல படுத்துக் கெடக்கவா? எதிர்சேவை பாத்துட்டு, ஆத்துல எறங்குறதையும் பாத்துட்டு வாரேன்.”

“ஒருநாள் தவறுனா உடம்புல தண்ணி சேந்துரும் மாமா. அங்க குடுக்குற நீர்மோரு, பானக்கம் எதையும் தொடக்கூடாது.”

“சாமிக்குன்னு ஊத்துறதக் கை நீட்டி வாங்காம எப்படிறா போறது? ஒரு மொடக்குதேன். வைய்யி.”

அந்த ஒரு மிடறு எத்தனை பந்தல்களில் எத்தனை மிடறானது என்பதை அத்தை பிறகு சொன்னார். திருவிழா முடிந்த கையோடு சம்பந்தி வீட்டில் கிடாவெட்டு. வியாழக்கிழமையும் அவர் வரவில்லை. “சனிக்கெழம வந்து ரெண்டுக்கும் சேத்து ஓட்டிக்கிருவோம் மாப்ள” என்றார். கழிவு என்பது சேர்த்துவைத்து ஒருநாளில் கட்டி முடிக்கும் தவணை இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். எங்கள் ஊரில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் பலரும் திருவிழாக் காலத்தில் செய்யும் தவறு இது. வாரம் முழுக்கக் கட்டுப்பாடாக இருப்பவர்கள்கூடச் சாமி பெயரால் கிடைக்கும் ஒரு டம்ளருக்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

மையம் மூடியிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் டெக்னீஷியன் மட்டும் வேலைக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் அழைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் ஓடாமல் குழாயில் தேங்கினால் என்னாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழுவழுப்பாகப் படலம் படலமாகப் பிடித்துக்கொள்ளும். வரிசையின் கடைசியில், பிற்பாடு இரண்டு இயந்திரங்கள் வரும் என்று விட்டுவைத்த ஒரு முட்டுக்குழாய் வேறு இருந்தது; முனை அடைத்தது; தண்ணீர் அதற்குள் போகும், திரும்பி வராது. அண்ணன் குழாய் முழுவதும் குளோரின் ஏற்றி, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசினார். குளோரின் போய்விட்டது என்று சோதனைத் தாள் நிறம் மாறாமல் காட்டும்வரை அலசினார். அன்று மாலை நான் வந்து மாதிரிகளை எடுத்துத் தட்டுகளில் பரப்பினேன்.

கிருமி வளர்ச்சியைப் பார்ப்பது ஒரு சோதனை. கிருமியின் உறையிலிருந்து வரும் என்டோடாக்சின் என்னும் நச்சைப் பார்ப்பது வேறொரு சோதனை. இரண்டாவதற்கான மருந்துக் குப்பிகள் ஃப்ரிட்ஜில் நான்கைந்துதான் இருந்தன. மாதக் கடைசியில் செய்யவேண்டிய சோதனை, மாதக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை கடைசிப் படுக்கையில் இருந்த ஒருவருக்கு லேசாகக் குளிர் எடுத்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தவர் என்பதால், அந்தக் குழாயில்தான் ஏதோ தொற்று என்று அனைவரும் நினைத்தோம். வியாழக்கிழமை என் தட்டுகள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. கையெழுத்திட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வராந்தாவில் அண்ணன் என் தோளைத் தட்டினார்.

“ரிசல்ட்டு பாத்தேன் தம்பி. ஒரு புள்ளி கூட இல்லையாமுல்ல?”

“ஆமாண்ணே. நல்லா வேலை செஞ்சிருக்கீக.”

“அப்பறம் என்ன. இன்னிக்கும் ஒருதடவ குளோரின் ஊத்தி விட்டுட்டுப் போறேன். முட்டுக்குழாய்க்குள்ளயும் போறாப்ல நல்லா ஏத்தி விட்டா, ஒரு பயலும் மிஞ்ச மாட்டான்.”

நான் சிரித்தேன். தலையாட்டினேன் என்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் சிஸ்டர் போன் செய்தார். எங்கள் மையத்தின் மூத்த செவிலி அவர். எதற்கும் குரல் உயர்த்தாதவர்.

“சார், ஒன்பது, பத்து ரெண்டு பெட்லயும் பேஷண்ட்டுக்கு ஒதறுது. ஏறும்போது டெம்பரேச்சர் நார்மல். முக்கால் மணி நேரத்துல ரிகர், தூக்கித் தூக்கிப் போடுது. ரெண்டு பேருக்கும் கழுத்துல குழாய் கெடையாது. டாக்டர் உங்களைக் கூப்பிடச் சொன்னாரு.”

ஒத்தக்கடையில் என் வீட்டிலிருந்து கே.கே. நகருக்கு வண்டியில் பதினைந்து நிமிடத்தில் வந்தேன். மேலூர் சாலையில் எதிரே வந்த எதுவும் கண்ணில் பதியவில்லை. தேர்வில் நான் வரைந்த படம் மட்டும் வரிவரியாகத் தெரிந்தது. கிராம் நெகட்டிவ் கிருமிக்கு இரண்டு உறைகள் உண்டு. வெளியுறையின் மேற்புறம் முழுவதும் லிப்போபாலிசாக்கரைடு (சுருக்கமாக எல்.பி.எஸ்.) என்னும் மூலக்கூறுகள் நெருக்கமாக நின்று மூடியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பாகம். அடியில் லிப்பிட் ஏ என்னும் கொழுப்பு; அதன் வால்கள் உறைக்குள் ஊன்றி நிற்கும். அதன்மேல் ஒரு சிறிய சர்க்கரைத் தண்டு. தண்டின் மேல், வெளியே நீண்டு அலையும் சர்க்கரைச் சங்கிலி. அது கிருமிக்குக் கிருமி மாறும். கால்சியமும் மெக்னீசியமும் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, முழுவதும் சேர்ந்து ஒரு சட்டை மாதிரி ஆகிவிடும். சோப்பும் பித்தநீரும் பல மருந்துகளும் அந்தச் சட்டையைத் தாண்டி உள்ளே போகத் திணறும். கிருமி அதை அணிந்திருப்பது தன்னைக் காத்துக்கொள்ள. நம்மைக் கொல்வது அதன் நோக்கத்திலேயே இல்லை.

கிருமி செத்தால் சட்டை கிழிந்து துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதக்கும். அதுதான் என்டோடாக்சின். குளோரின் போய்விட்டதா என்று பார்க்கும் தாள் அதைக் காட்டாது. வளர்ப்புத் தட்டும் காட்டாது, செத்தது வளராது என்பதால். கொதிக்கவைத்தாலும் போகாது. ஆனால் மனித இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்கு அந்த லிப்பிட் ஏ-யை அடையாளம் தெரியும். அது உயிருள்ள கிருமியின்மேல் இருக்கிறதா, செத்த கிருமியிலிருந்து உதிர்ந்ததா என்று அவை விசாரிப்பதில்லை. படையெடுப்பு நடந்துவிட்டதாக எண்ணி மணியடித்துவிடும். உதறல், காய்ச்சல், இரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அந்த மணியோசைதான். அண்ணன் எவ்வளவு நன்றாகக் கொன்றாரோ அவ்வளவு சட்டைகள் கிழிந்திருக்கும். என் தட்டு எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு தைரியமாக அவர் மறுபடியும் கொன்றிருக்கிறார்.

நான் நுழைந்தபோது ஒன்பதாம் படுக்கையில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா இரண்டு கம்பளிக்குள் கிடந்தார். வழக்கமாக இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு வருபவர், வீட்டில் விசேஷம் என்று அன்று முதல் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பற்கள் அடித்துக்கொண்டன. இயந்திரத்தை நிறுத்தி, இரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசி போட்டிருந்தார்கள். டாக்டர் என் அறிக்கையைக் கையில் வைத்திருந்தார்.

“வளர்ச்சி இல்லைன்னு போட்டிருக்கீங்களே.”

“வளர்ச்சி இல்லைதான் சார். கிருமி செத்துருச்சு. அதோட எல்.பி.எஸ். தண்ணிக்குள்ள இருக்குன்னு நினைக்கிறேன். நான் அதைச் சோதிக்கல.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“தெரியாது சார். சோதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மத்த எட்டு மிஷினையும் நிறுத்திரணும்.”

அவர் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் பக்கம் திரும்பினார். அந்த எட்டுப் பேரில் யாருக்கும் ஒன்றும் இல்லை. பாதியில் நிறுத்தினால் அவர்களுடைய உடம்பில் பாதிக் கழிவு தங்கும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பத்துப் பேர் பேருந்தில் வந்துகொண்டிருப்பார்கள். நான் சொல்வது தவறென்றால் இத்தனை பேரையும் காரணமில்லாமல் திருப்பி அனுப்பியவன் ஆவேன். சரியென்றால், இரண்டு நாள் முன்பு போட்ட கையெழுத்து என் கழுத்தைப் பிடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் நான் தப்ப முடியாது என்பது ஒரு விதத்தில் எனக்கு உதவியது. என்னைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட முடிந்தது.

“நிறுத்துங்க சிஸ்டர்” என்றார் டாக்டர்.

ஆய்வறைக்குப் போய்ச் சோதனையைத் தொடங்கினேன். குதிரைலாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுக்கும் ஒரு மருந்து, எல்.பி.எஸ். பட்டால் உறைந்துவிடும். கடலில் கிருமிகளுக்கு நடுவே வாழும் அந்த நண்டுக்குக் காயம்பட்டால், இரத்தம் அந்த இடத்திலேயே உறைந்து கிருமியைச் சிறைபிடித்துவிடும். அந்தப் பழைய தற்காப்பைத்தான் குப்பியில் அடைத்து நமக்குத் தருகிறார்கள். சோதனைக் குழாய்கள் வெறுமனே கிருமி நீக்கியவையாக இருந்தால் போதாது. ஒட்டியிருக்கும் எல்.பி.எஸ்.ஸும் அழியும்படி, உலர்ந்த பெருஞ்சூட்டில் சுட்டவையாக இருக்க வேண்டும். என்னிடம் அப்படிப்பட்ட ஒரு பொட்டலம் இருந்தது. ஒன்பதாம், பத்தாம் படுக்கைகளின் குழாய்த் தண்ணீர், முதல் படுக்கையின் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க நிச்சயம் உறைய வேண்டியது ஒன்று, நிச்சயம் உறையக் கூடாதது ஒன்று. ஐந்தையும் உடல்சூட்டில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, பிறகு தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். கட்டி அப்படியே நின்றால் என்டோடாக்சின் உண்டு. இடையில் ஒரு குழாயைத் தொட்டாலும் கட்டி உடைந்து, இருப்பது இல்லாததாகிவிடும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

வாசலில் மாமாவின் குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கே வந்திருந்தார். முகம் ஊதி, கண் இடுங்கி, கால்கள் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு. அத்தை அவருடைய முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு நாளாக உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். எனக்குச் சொல்லக் கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

“என்ன மாப்ள… பேயறஞ்ச மாதிரி நிக்குற? நான்தேன்… சீக்காளி. நீ எதுக்கு மொகத்தத் தொங்கப் போட்ருக்க?”

“பேசாதீக மாமா.”

“அழகரு நல்லாத்தேன் வந்தாரு. பச்சப்பட்டு கட்டி… இந்த வருசம் வெளச்சலுக்குக் கொறவில்ல.”

“சொன்னா கேக்குறாரா பாருங்க,” என்றார் அத்தை, “மூச்சே இல்லையாம், இதுல பச்சப்பட்டு ஒண்ணு! எப்பா, சட்டுனு மிசின்ல போடுங்கப்பா.”

டாக்டர் பார்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இதயத்தின் வரைபடத்தில் பொட்டாசியம் ஏறியிருப்பதற்கான அடையாளம். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஆனால் அவை எல்லாம் சிறிது நேரத்தைக் கடன் வாங்குவதுதான். உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க இயந்திரம் ஒன்றால்தான் முடியும். இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்றார்.

டெக்னீஷியன் அண்ணன் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“தம்பி, மொதப் பெட்டுல போட்ருவோம். அங்கிட்டு யாருக்கும் ஒண்ணும் இல்லையே. கடசி ரெண்டுலதான கோளாறு? முட்டுக்குழாய் பக்கத்துல இருக்குறது அது ரெண்டுந்தேன். ஒங்க மாமாய்யா அவரு. நின்னு யோசிக்க நேரமா இது?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் படுக்கையின் தண்ணீர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பத்து இயந்திரங்களுக்கும் ஒரே வளையக் குழாய். கடைசியைத் தொட்ட தண்ணீர் சுற்றி வந்து முதலிலும் நுழையும். முதல் படுக்கைக்காரருக்கு உதறாதது அவர் வலுவான உடம்புக்காரர் என்பதால் இருக்கலாம், அந்த இயந்திரத்தின் நுண்வடிகட்டி புதியது என்பதால் இருக்கலாம். மாமாவின் நெஞ்சு ஏற்கெனவே தண்ணீரில் தத்தளித்துக்கொண்டிருந்தது. உதறலும் இரத்த அழுத்தச் சரிவும் அதன்மேல் வந்தால் தாங்காது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால், போகும் வழியிலேயே மூச்சு நின்றாலும் நின்றுவிடலாம். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்திட்டிருந்தேன்.

“இங்க வேண்டாம்ணே,” என்றேன். “எந்த மிஷினும் வேண்டாம்.”

டாக்டர் அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்தார். ஒரு படுக்கையைக் காலி செய்து தருவதாகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வரலையாப்பா?”

ஆய்வறையில் ஐந்து குழாய்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. இன்னும் நாற்பது நிமிடம். அதைச் சரியான நேரத்தில் கவிழ்த்துப் பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை. வெளியே மேலூர்க்காரர்கள் வந்து நாற்காலிகளில் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். மாமாவின் உயிர் ஒருபுறம், அவர்களுடைய உயிர் மறுபுறம் என்று யாரும் என்னிடம் தராசைக் கொடுக்கவில்லை. ஆனால் நான் போனால் அந்தப் பத்துப் பேருக்கும் யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

“நீங்க போங்கத்தை. பின்னாடியே வாரேன்.”

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து மாமா என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார், புரியவில்லை. திட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

காத்திருந்த நேரத்தில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். உதறல் அடங்கி, வியர்த்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன்னால் அப்படி எந்த நோயாளியிடமும் நான் பேசியதில்லை. தண்ணீரில் கிருமி இருந்தது, அதைக் கொன்றோம், செத்த கிருமியின் மேல்தோல் உதிர்ந்து தண்ணீரில் கலந்து உங்கள் இரத்தத்துக்குள் வந்திருக்கலாம், அதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றேன்.

“செத்த பெறகுமா கடிக்கும்?”

“கடிக்காதும்மா. ஒங்க ஒடம்புதான் அதப் பாத்துட்டு, கிருமியே வந்துருச்சுன்னு சண்டைக்குக் கெளம்பிருது.”

மேலே மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

“எங்க தோட்டத்துல நல்லபாம்ப அடிச்சா, தலையத் தனியா பொதைப்போம். எம் மருமக வந்த புதுசுல கேலி பண்ணுவா. செத்ததுக்கு எதுக்கு அத்த இம்புட்டுப் பயம்னு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “பொதைக்காம விட்டுட்டீக.”

அதில் கோபம் இல்லை. நழுவிக் கிடந்த கம்பளியை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

நேரம் முடிந்தது. உறைய வேண்டிய குழாயைக் கவிழ்த்தேன், நின்றது. உறையக் கூடாததைக் கவிழ்த்தேன், வழிந்தது. பத்தாம் படுக்கையின் குழாயை எடுத்தேன். மெதுவாகத் திருப்பினேன். கட்டி, குழாயின் அடியில், இப்போது மேலே, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்பதும் நின்றது. கடைசியாக முதல் படுக்கை. அதைக் கவிழ்ப்பதற்கு முன் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. கவிழ்த்தேன். அதுவும் நின்றது.

டாக்டரிடம் குழாயைக் காட்டினேன். அவர் வெளியே போய், காத்திருந்தவர்களிடம் இன்று இங்கே டயாலிசிஸ் இல்லை என்றார். கூச்சல் எழுந்தது. மேலூரிலிருந்து வந்த ஒருவர், “முன்னாடியே சொல்லித் தொலைஞ்சா என்னய்யா? எட்டு மணிக்கே பஸ் ஏறுனேன்” என்று கத்தினார். டாக்டர் பேசத் தொடங்குவதற்குள் நான் முன்னால் வந்து, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது நான்தான், அதில் பாதியை நான் பார்க்காமலேயே எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கத்தியவர் நிறுத்திக்கொண்டார். சிஸ்டரும் டாக்டரும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு இடத்தில் படுக்கை தேடிப் போன் செய்துகொண்டிருக்க, டெக்னீஷியன் அண்ணன் குழாயறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தார்.

“நல்லதுன்னு நெனச்சுத்தான தம்பி ஊத்துனேன்.”

“நான் சுத்தம்னு எழுதுனதாலதாண்ணே ஊத்துனீங்க.”

முட்டுக்குழாயை அறுத்தெறிய வேண்டும், மறுபடி கழுவ வேண்டும், இந்த முறை குளோரினுக்கு மட்டுமில்லாமல் என் குழாய்கள் கவிழ்த்தால் வழியும்வரை அலச வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் மாமாவைச் சாய்வாக உட்காரவைத்திருந்தார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. வழியில் ஒருமுறை கண் செருகிவிட்டது என்று அத்தை வாசலிலேயே சொன்னார். என்னைப் பார்த்து அழவில்லை; என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கித் தூர வைத்தார், மாமா கண்ணில் படக்கூடாது என்று. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவருடைய வீங்கிய பாதத்தின்மேல் கையை வைத்துக்கொண்டேன். முதல் நடுக்கம் அங்கேதான் தெரியும் என்று ஏனோ நினைத்தேன். உதறல் வருவதானால் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் வரும்.

முப்பது நிமிடம். நாற்பது. மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்தது. நாற்பத்தைந்தாவது நிமிடம் மாமா கண்ணைத் திறந்தார்.

“கூச்சமா இருக்குடா. கால விடு.”

“குளுருதா மாமா?”

“ஃபேனுக்குக் கீழ போட்ருக்கான், குளுராம? வேற குளுரு ஒண்ணும் இல்ல.” கொஞ்சம் மூச்சுவிட்டார். “அத்தை எல்லாஞ் சொன்னா. ஒன் தண்ணி சரியில்லையாமுல்ல?”

“சரியில்ல மாமா. நான் சரியாப் பாக்கல.”

“ம்.” பக்கத்து இயந்திரங்களை, சுவரோரம் வரிசையாக ஓடிய வெள்ளைக் குழாயை, அதன் முனைவரை பார்த்தார். வலிக்காமல் கேட்க அவருக்குத் தெரியாது; கேட்டதில் விஷமமும் இல்லை. “இந்தத் தண்ணிய யாரு மாப்ள பாத்தது?”

எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல ஒருவன் இந்தக் கட்டடத்தின் ஏதோ ஓர் அறையில் தட்டுகளைச் சாய்த்துப் பார்த்திருப்பான். குழாய்களைக் கவிழ்த்தும் பார்த்திருப்பான் என்று நம்ப வேண்டும். அவனுக்கும் குப்பிகள் குறைவாக இருந்திருக்கலாம். போய்க் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்றால் மாமாவை எங்கே கொண்டுபோவேன்?

“பாத்திருப்பாங்க மாமா,” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கையைப் பாதத்திலிருந்து எடுக்கவில்லை.